பிறந்த வீட்டுக் கோடி

அரங்கநாதன் செத்து, பால் தெளித்து, வந்த கூட்டம் கலைந்து, வீட்டில் அழுகை ஒருவாறு ஓய்ந்த பிறகுதான் அந்தக் கேள்வி எழுந்தது. கேட்டவர் அவருடைய அண்ணன் துரைக்கண்ணு. பந்தக்காலில் சாய்ந்தபடி காரியத்துக்கு ஆகவேண்டியதைத் தன் பெண்சாதியிடம் சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவில் நின்றுவிட்டார்.

"ஏன்டி, பொறந்த வூட்டுக் கோடி யாரு எடுத்தாறது?"

கதவுக்குப் பின்னால் அம்மாவோடு உட்கார்ந்திருந்த அரங்கநாதனின் மகள் தையல்நாயகி, அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தாலி வாங்கியதும் பெண்ணின் தோளில் முதலில் விழவேண்டியது அவள் பிறந்த வீட்டுப் புடவை. அண்ணனோ தம்பியோ எடுத்துவந்து ஊர் பார்க்கப் போர்த்த வேண்டும். புருஷன் போனாலும் உனக்கு ஆள் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பிச்சை எடுக்கிறவளுக்குக்கூட ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் நாலு முழத் துணியோடு எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடுவான். அம்மாவின் பிறந்த வீடு சைகோனில் இருந்தது.

அம்மாவின் பெயர் லியேன். இங்கே வந்ததும் லட்சுமியம்மாள் என்று வைத்தார்கள். தெரு சைகோன்காரி என்றது. அரங்கநாதன் பதினெட்டு வயதில் புதுச்சேரியிலிருந்து கப்பலேறி, ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டி, அங்கேயே கட்டிக்கொண்டவர். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டியபோது இவரும் கட்டினார். ஐம்பத்தைந்தில் பெண்டாட்டியோடும் பதினோரு வயது மகளோடும் சொந்த ஊருக்கே வந்து இறங்கி, விழுப்புரம் திண்டிவனம் பஸ்ஸில் டிரைவராகச் சேர்ந்தார். மகளுக்குத் தன் தாயின் பெயரைப் பிறந்தபோதே வைத்திருந்தார். இந்தப் பெயரோடு இவள் எங்கே போனாலும் நம்ம வீட்டுப் பெண்தான் என்பது அவர் கணக்கு.

பெயர் காதுக்குத்தான். கண்ணுக்கு முகம் இருக்கிறதே. தையல்நாயகி பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மார்க் வாங்கினாள். கும்மியில் முன்னால் நின்று பாடினாள். மயிலம் கோயிலுக்குக் காவடி எடுத்தாள். வெளியே போகும்போதெல்லாம் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டாள். மேல் இமையில் தடிப்பாக இழுத்து, கடைக்கண்ணில் கீழே வளைத்து முடித்தால் கண் பெரிதாகத் தெரியும். அதை அவளே கண்ணாடி முன் நின்று கண்டுபிடித்திருந்தாள். தெருவில் அம்மாவோடு போக நேர்ந்தால் பத்தடி முன்னால் நடப்பாள். அம்மாவும் எட்டிப் பிடிக்க முயன்றதில்லை.

சைகோன்காரி என்று கூப்பிட்டவரை அந்தச் சொல்லில் பாதி கேலியும் பாதி பிரியமும் இருந்தன. அறுபத்திரண்டு ஐப்பசியில் எல்லையில் சண்டை மூண்டது. ஒரே வாரத்தில் சைகோன்காரி சீனாக்காரி ஆனாள். தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் ஒருத்தி குடத்தைத் தள்ளிவைத்தாள். பையன்கள் வாசலில் நின்று கத்திவிட்டு ஓடினார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீனா இல்லன்னா வேற இன்னா?" என்று கேட்டார். அரங்கநாதன் டீக்கடையில் உட்கார்ந்து, வியட்நாம் வேறு சீனா வேறு என்று பெஞ்சில் விரலால் வரைந்து காட்டினார். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, அவர் எழுந்து போனதும் சிரித்தார்கள். சண்டை நடந்துகொண்டிருந்தபோதே ஒரு நாள் விக்கிரவாண்டி தாண்டி வண்டியை ஓரங்கட்டி, பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டீரிங்கில் தலை சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

அவர் செத்த துக்கத்தோடு தையல்நாயகிக்கு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. தை மாதம் அவளுக்குக் கல்யாணம் என்று பேச்சு முடிந்திருந்தது. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, திண்டிவனத்தில் இருக்கும் அத்தை கோவிந்தம்மாளின் மகன் பெரியதம்பிதான். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைக்குக் கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளை. உரிமைப் பெண் என்று சொல்லித்தான் அத்தை பூ வைத்திருந்தாள். அந்த ஒரு வார்த்தை தையல்நாயகிக்குத் தாலியைவிடப் பெரிதாக இருந்தது. அத்தை மகனுக்கு வாழ்க்கைப்பட்டவளை யார் எங்கிருந்து வந்தவள் என்று கேட்க முடியும்? துரைக்கண்ணு பெரியப்பாவும், வருஷம் திரும்புவதற்குள் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் செத்தவனுக்குப் புண்ணியம் என்று சொல்லியிருந்தார். நடுவில் இந்தக் கோடி வந்து நின்றது.

"கோதண்டபாணி இருக்கறாரே. மாமன் சீரு அவருதானே செஞ்சாரு?" என்றாள் பெரியம்மா.

அது உண்மை. தையல்நாயகி பெரியவளானபோது இதே கஷ்டம் வந்தது. அரிசி மண்டி கோதண்டபாணி, அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், சொந்த ஜாதி, தாமாகவே தட்டு வரிசையும் மாலையுமாக மேளத்தோடு வந்து இறங்கினார். "மச்சான், சைகோன்லேந்து நேரா வர்றேன், கப்பல் லேட்டு" என்று அவர் சொன்னதற்குப் பந்தலே சிரித்தது. அன்றுமுதல் இருவரும் மச்சான் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் பெரியப்பா அவளையும் கூட்டிக்கொண்டு மண்டிக்குப் போனார். பெண்ணைப் பார்த்தால் மனம் இளகும் என்று நினைத்திருக்கலாம். கோதண்டபாணி யுத்த நிதிக்கு நகை வசூலிக்கும் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நான் இல்லன்னு சொல்லல துரைக்கண்ணு. நேரம் சரியில்ல. இன்னிக்கி மேடையேறி சீனாக்காரன ஒழிக்கணும்னு பேசறேன். நாளைக்கி சீனாக்காரிக்கு அண்ணன்னு புடவையைத் தூக்கிக்கினு வந்தா ஊரு சிரிக்காது?"

"அவ சீனா இல்லியேப்பா."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். மூஞ்சிக்குத் தெரியுமா?"

கோதண்டபாணி தையல்நாயகியின் பக்கம் திரும்பி, "நீ எங்கூட்டுப் பொண்ணு மாதிரிம்மா, உன்ன சொல்லல" என்றார். சொல்லும்போது அவளுடைய காலைப் பார்த்துச் சொன்னார். வரும் வழியெல்லாம் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். துக்க வீட்டில் மை தீட்டக்கூடாது. மை இல்லாத முகத்தோடு அவள் கடைத்தெருவில் நடந்தது அன்றுதான்.

அன்று சாயங்காலம் விருத்தாசலம் வந்தார். அப்பாவின் பஸ்ஸில் கண்டக்டர். ஏழு வருஷமும் ஒரே வண்டி. அன்றைக்கு ஸ்டீரிங்கிலிருந்து அப்பாவைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டவர் அவர்தான். ஊருக்கு வெளியே சேரியில் வீடு. எப்போது வந்தாலும் சாக்கடைக்கு அந்தப் பக்கமே நிற்பார். அம்மாதான் தட்டில் சோறு போட்டு எடுத்துப் போய், "தம்பி, சாப்டு" என்று அவர் கையில் கொடுப்பாள். அவளுடைய மொழியில் யாரையும் வெறுமனே நீ என்று கூப்பிட முடியாது. அண்ணன், தம்பி, அக்கா என்று எதையாவது ஆக்கிக்கொண்டுதான் பேச்சையே தொடங்க வேண்டும். அதனால் இந்த ஊரில் அவளுக்குச் சுலபமாக வந்த ஒரே விஷயம் முறை வைத்துக் கூப்பிடுவதுதான்.

"பாப்பா, கோதண்டபாணி மாட்டேன்னுட்டாராமே?"

"யாரு சொன்னாங்க?"

"பஸ்ஸுல இன்னாதான் பேசமாட்டாங்க." விருத்தாசலம் டிக்கெட் பையைத் தோளில் சரி செய்துகொண்டார். "நான் எடுத்தாறேன் பாப்பா. புடவைகூட எடுத்தாச்சி. வெள்ளையில மெல்லிசா கரை போட்டது, எங்கூட்டுக்காரி அம்சவள்ளிதான் பாத்து எடுத்துச்சி. எனக்கு அக்கா இல்ல. அவங்களுக்குத் தம்பி இல்ல. சரியாப் பூடுச்சி."

தையல்நாயகி ஒரு கணம் அவரை நன்றியோடுதான் பார்த்தாள். அடுத்த கணம் அத்தையின் முகம் முன்னால் வந்தது. இவர் கையால் போர்த்தினால் அம்மா இவருக்கு அக்கா. தான் இவருக்கு அக்கா மகள். இதைக் காரியத்தன்று ஊர் ஏரிக்கரையில் நின்று பார்க்கும்.

"நல்ல மனசோட சொல்றீங்க. ஆனா வேணாங்க கண்டக்டரே."

"ஏன் பாப்பா?"

"தைக்குக் கல்யாணம் வெச்சிருக்குது. அத்தை வூட்ல ஏத்துக்கமாட்டாங்க."

அவர் கோபப்படவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்டார்: "ஊரு உங்கம்மாவ மூஞ்சியப் பாத்துத் தள்ளுது. நீ என்ன இன்னாத்தப் பாத்துத் தள்ற?"

அவளுக்குப் பதில் இருந்தது. அது வாயால் சொல்லக்கூடியதாக இல்லை. பின்னால் அம்மா வந்து நிற்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"வேணாம் தம்பி" என்றாள் அம்மா. "பாப்பா கல்யாணம் பெரிசு. கோடி பெரிசு இல்ல."

"அக்கா, நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

"வேணாம். சாப்ட்டியா?"

"ஆச்சிங்கக்கா" என்று சொல்லிவிட்டு விருத்தாசலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அம்மா உள்ளே போய்ப் பழையபடி சுவரோரம் உட்கார்ந்தாள். மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று தையல்நாயகிக்கு இருந்தது.

காரியத்தன்று விடியும்போதே தூறல். ஏரிக்கரையில் ஓலைப்பந்தல் போட்டிருந்தார்கள். அம்மாவுக்குக் கடைசியாக ஒருமுறை பூ வைத்து, மஞ்சள் பூசி, கை நிறைய வளையல் போட்டு உட்கார வைத்தார்கள். மஞ்சள் பூசிய அந்த முகத்தைப் பார்த்து இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். வளையல் உடைந்தது. தாலி பாலில் விழுந்தது. சடங்கு நடத்திய பரியாரி எழுந்து நின்று, வழக்கப்படி உரக்கக் குரல் கொடுத்தார்.

"பொறந்த வூட்டுக் கோடி எடுத்தாங்க!"

யாரும் அசையவில்லை. கூட்டத்தில் நின்றிருந்த கோதண்டபாணி குடையை மடக்குவதில் மும்முரமானார். பரியாரிக்கு விஷயம் தெரியும். ஆனாலும் கூப்பிடவேண்டிய முறைக்குக் கூப்பிட்டாகவேண்டும்.

"பொறந்த வூட்டுக் கோடி..."

அம்மா தலை நிமிர்ந்தாள். ஏரியின் எதிர்க்கரைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். மழையில் எதைப் பார்க்கிறாள் என்று தையல்நாயகி நினைத்தாள்.

"போட்டுருப்பா, நேரமாவுது" என்றார் துரைக்கண்ணு. அவர் எடுத்துவந்த பங்காளி வீட்டுப் புடவையையே முதல் புடவையாக அம்மாவின் தோளில் போட்டார்கள். கூட்டத்தில் யாரோ ஒருத்தி, "ஐயோ, நாதியத்தவ" என்றாள். இரக்கத்தோடு சொன்னதுதான். அதுதான் எல்லாருக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவை உள்ளறை மூலையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அன்றைக்கு அவள் முகத்தில் யாரும் விழிக்கக்கூடாது. பந்தலில் இலை போட்டார்கள். அத்தை கோவிந்தம்மாள் சாப்பிட்டு எழுந்து, கையைக் கழுவி, வெற்றிலையை மடித்துக்கொண்டு அண்ணனின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, மனசுல வெச்சிக்காத. தைக்குப் பேசினத வுட்டுடலாம்."

துரைக்கண்ணு திகைத்துப் போனார். "இன்னாடி பேசற? பூ வெச்ச பொண்ணு."

"வெச்சேன். தம்பி இருந்தான், அவன் மூஞ்சிக்காக வெச்சேன். இன்னிக்கி பாத்தியே, ஊரே பாத்துது. கோடி போட ஒருத்தன் வரல. பொம்பளைக்கிப் பொறந்த எடம்னு ஒண்ணு வேணாமா? வேரே இல்லாத மரத்த எப்படி வூட்ல நட்டுக்கறது?"

"இவ நம்ம ரத்தம்டி!"

"ரத்தம் உள்ளதான இருக்குது. அத யாரு பாக்கறா?"

தண்ணீர்ச் செம்போடு நின்ற தையல்நாயகியை அத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் வரச்சொல்லி மோவாயைப் பிடித்தாள். கையில் வெறுப்பு இல்லை. "மை இல்லாம இப்பத்தான்டி உன்னப் பாக்கறேன் கண்ணு. அப்படியே உங்கம்மா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டாள்.

அவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிப் போன பிறகு தையல்நாயகி கொஞ்ச நேரம் பந்தலிலேயே நின்றாள். பிறகு செம்பை வைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே போனாள். பெரியதம்பி டீக்கடை ஓரம் தனியாக நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான்.

"நீங்க சொல்லுங்க. அத்தை சொன்னது இருக்கட்டும்."

"அம்மா சமாதானம் ஆவும் தையலு. கொஞ்ச நாளு போவட்டும்."

"சண்டைதான் நின்னுபோச்சே. பேப்பர்ல போட்டாங்களே."

"அதுக்கில்ல." அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். "மண்டில பசங்க பேசறான்க. உனக்குப் பொறக்கற புள்ளைய பார்டர்லேந்து வந்து புடிச்சிக்கினு பூடுவாங்கடான்னு சிரிக்கறான்க. ஒரே பேஜாரு. எத்தினி நாளு தாங்கறது?"

"நான் ஏழு வருஷமா தாங்கறேன்" என்றாள் அவள்.

அவன் நல்லவன்தான். கண் கலங்கிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். "டேய், எடம் போட்டுட்டேன், ஜல்தி ஏறு" என்று அத்தை ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். ஏறிவிட்டான்.

அது அப்பாவின் வண்டி. டிரைவர் சீட்டில் வேறு யாரோ. பின்படியில் விருத்தாசலம் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். பேச்சு அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அவளைப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். தையல்நாயகி படியருகே போனாள்.

"மாமா" என்றாள்.

விருத்தாசலத்தின் கை டிக்கெட் கட்டின்மேல் நின்றது. "கண்டக்டர்னே கூப்புடு பாப்பா. பழகின வாயி."

"அந்தப் புடவ இருக்குதுங்களா? இப்ப வந்து போடுங்க. நான் பெரியப்பாகிட்ட சொல்றேன். யாரு இன்னா சொன்னாலும் சரி."

"இப்ப போட்டா அது கோடி இல்ல பாப்பா, வெறும் துணி. முதல்ல வுழுந்ததுதான் கணக்கு." ஒரு கிழவருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தார். "அதும் இல்ல. சாவுக்கு எடுத்தத வூட்ல வெச்சிருக்கக்கூடாது. காத்தால ஏரில வுட்டுட்டேன்."

"ஏரிக்கு வந்தீங்களா?"

"வந்தேன். அந்தாண்ட கரையில நின்னேன். பரியாரி கூப்ட்டாரு இல்ல, பொறந்த வூட்டுக் கோடின்னு? அப்ப அக்கா என்னப் பாத்தாங்க." அவர் டிக்கெட் கட்டைப் பைக்குள் திணித்தார். "ஒரு கை காட்டியிருந்தா நீஞ்சிக்கினே வந்திருப்பேன். தலையக் குனிஞ்சிக்கினாங்க."

விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. அத்தை ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள். பழக்கத்தில் தையல்நாயகியின் கையும் எழுந்து ஆடியது.

வீட்டுக்கு வந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா ஒரு தட்டில் சோறு போட்டு, "உங்கம்மாவுக்கு நீயே குடு. நான் இன்னும் எதுவும் சொல்லல. நாளைக்கிப் பாத்துச் சொல்லலாம்" என்றாள். தையல்நாயகி கதவைத் திறந்து உள்ளே போய்த் திரும்பவும் சாத்தினாள்.

அம்மா மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா வாங்கிய புடவை மொடமொடவென்று உடம்பில் ஒட்டாமல் நின்றது. கழுத்தில் தாலிச் சரடு கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

"அத்தை போய்ட்டா?"

"போய்ட்டாங்கம்மா."

"பெரியதம்பி சாப்ட்டான்?"

"சாப்ட்டாரு."

அம்மா தட்டை வாங்கிக்கொண்டாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். முகத்தில் பல நாளாக இல்லாத ஒரு நிம்மதி இருந்தது. பெரிய வேலை ஒன்றை நல்லபடியாக முடித்துவிட்டவள்போல நிதானமாகப் பேச ஆரம்பித்தாள். இந்தப் பேச்சை அவள் மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தபோதே கோத்து வைத்திருக்க வேண்டும்.

"தை நல்லது. மழை இருக்காது. நான் மணவறைகிட்ட வர மாட்டேன். முண்டச்சி வரக்கூடாது, தெரியும். சமையல் பக்கம் இருப்பேன். மாப்ள வூட்டு ஜனம் யாராவது கேட்டா, வேலைக்கு வந்த பொம்பள சொல்லு. அத்தைகிட்டயும் சொல்லிடு. பயம் வேணாம் சொல்லு."

தையல்நாயகி தரையில் சிந்திய பருக்கையைப் பொறுக்கினாள்.

"சொல்றியா?"

"சொல்றேம்மா."

"தாலி கட்டறது மட்டும் பாக்கணும். கதவு சந்துல பாத்துக்கறேன். யாருக்கும் தெரியாது." அம்மா இன்னொரு வாய் உருட்டினாள். "கூரப்புடவ என்ன கலர் சொன்னா அத்தை?"

வெளியே மூங்கில்களை அவிழ்த்துப் போடும் சத்தம் கேட்டது. நாளைக்குப் பெரியம்மா சொல்லிவிடுவாள். அதற்குள் இன்று ஒரு பொழுது இருந்தது.

"அரக்கு" என்றாள் தையல்நாயகி.

"அரக்கு நல்லா இருக்கும்" என்றாள் அம்மா. "உன் நிறத்துக்கு எடுப்பா இருக்கும்."

சொல்லிவிட்டு, உருட்டிய சோற்றை மகளின் வாயருகே நீட்டினாள்.